அரலு என்னும் சொல்: அதனை நரகமெனப் பெயர்த்தல் பொருந்துமா?

ஒரு மொழியினின்றும் பிறிதொரு மொழிக்கு நூலைப் பெயர்ப்பார் எய்தும் இடர்கள் பலவற்றுள்ளும் தலையாயது, மூலத்துள்ள சொல்லுக்கு நிகராய சொல் தம் மொழிக்கண் உண்டென எளிதில் நம்பிவிடுதலேயாம். அறியாத சொல்லை அகராதியிற் பார்க்கின்றோம். அறிந்ததாக நினைத்த சொல்லையோ பார்ப்பதில்லை. பிழை புகுதற்குரிய வாயில் அதுவே. அவ்வாயிலில் யாமும் ஒருகால் இடறினேம் ஆதலின், அதனை மறையாது எடுத்துக்கொண்டு, மேசொப்பொத்தாமிய மக்கள் இறந்தாருலகிற்கு வழங்கிய 'அரலு' என்னும் பெயரைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றேம்.

எம்பாற் பயின்ற மாணவர் ஒருவர், இப்பொழுது தாமும் ஆசிரியராயிருப்பவர், பாபிலோனியரின் பழம்பாட்டுக்கள் சிலவற்றை ஆங்கில வழியாகத் தமிழாக்கி, நடை திருத்தித் தருமாறு எமக்கு விடுத்தனர். முதற்கட்டில் இருந்தது இஷ்தார் என்னும் பெண்தெய்வம் கீழுலகு புக்க வரலாறு. அதன்கண் அவ்வுலகினைக் குறிக்க வேண்டிய இடந்தோறும் 'நரகம்' என்றே அவர் எழுதியிருந்தனர். யாம் சந்தியும் ஒற்றும் திருத்தி, அச்சொல்லை ஐயுறாது விடுத்தேம். சின்னாள் கழித்து இரண்டாங்கட்டு வந்தது. கில்கமேஷும் என்கிடுவும் கீழுலகும் பற்றிய சுமேரியப் பாட்டு அது. கீழுலகு சென்று மீண்ட என்கிடுவை, அவன் நண்பனாகிய கில்கமேஷ், ஆங்கு யார் யாரைக் கண்டனை, அவர் எவ்வாறிருக்கின்றனர் என ஒவ்வொருவராக வினவுகின்றான். இறந்தே பிறந்த குழவிகளைக் கண்டனையோ என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. அவை பொன்னும் வெள்ளியுமாகிய மேசையின்கண் தேனும் நெய்யும் நுகர்ந்து விளையாடுகின்றன என்பது விடை. இவ்விடத்தும் எம் மாணவர் 'நரகத்தில்' என்றே எழுதியிருந்தனர். அதனைப் படித்த அளவில் எம் கை எழுத மறுத்தது. உலகைக் கண்ணாற் காணாத இக்குழவிகள் செய்த தீவினை யாது? செய்யாதாயின் அவற்றிற்கு நரகம் என்னை? நரகமாயின் ஆங்குத் தேனும் நெய்யும் என்னை? மூலத்தில் இம்முரண் இல்லை, பெயர்ப்பிலேயே உளது. முதற்கட்டில் யாம் வாளா விட்ட ஒரு சொல்லே இதற்குக் காரணமாயிற்று.

சொல் வரலாறு

அக்காதிய மொழி, எபிரேயம் அரபு முதலியவற்றொடு ஒருகுடிப்பட்ட செமித்திய மொழி. இக்காலத்து ஈராக் என வழங்கும் நிலத்தில், கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டு தொட்டுக் களிமண் ஏடுகளில் ஆப்பெழுத்தால் எழுதப்பட்டது. அவ்வெழுத்தை அதற்கு முன்னரே ஆண்டவர் சுமேரியர். அவர் மொழி செமித்தியக் குடியைச் சார்ந்ததன்று. ஆயினும் சமயம், கல்வி, வழக்குமன்றம் ஆகியவற்றிற்குரிய சொற்கள் பல சுமேரியத்தினின்றும் அக்காதியத்திற் புக்கன. அவற்றுள் ஒன்றே நாம் எடுத்துக்கொண்ட சொல். சுமேரியத்தில் 'அரலி' என்றிருந்தது அக்காதியத்தில் 'அரல்லூ' எனத் திரிந்து, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அறிஞர் எழுத்தின்வழி 'அரலு', 'அரல்லு' என ஆங்கிலத்திற் புக்கது. ஆங்கில அகராதிகள் சிலவற்றில் அஃது இடம்பெற்றிருப்பினும் அரிதின் வழங்கும் சொல்லேயாம். அரலி என்பது இறந்தாருலகின் பெயராதலேயன்றி, ஊருக், பாத்திபிரா என்னும் நகரங்கட்கு இடைப்பட்ட வெளிநிலத்தின் பெயருமாம். துமுசி என்னும் இடையர் தெய்வம் ஆடு மேய்த்ததும், தன்னைப் பற்றவந்த கூளிகட்கு அஞ்சி ஒளித்ததும் அவ்வெளியிலேயே என்று சுமேரியப் பாட்டுக்கள் கூறும்.

இறந்தாருலகிற்கு வேறு பெயர்களும் உள. 'இர்கல்லா' என்பது ஒன்று. ஊர் எனப் பொருள்படும் சுமேரியச் சொல்லும், பெரிது எனப் பொருள்படும் 'கல்' என்னும் சொல்லும் கூடியமைந்த தொடரினின்றும் வந்தது. பேரூர் என்பது பொருள். 'குர்நுகி' என்பது மற்றொன்று. மீளுதலில்லா நிலம் என்பது பொருள். 'எர்செத்து' என்பது தனி அக்காதியச் சொல். நிலம் என்னும் பொருட்டாய அதுவே நிலத்தின்கீழ் உள்ள உலகையும் குறிக்கும். கூத்தா என்பது நெர்கல் என்னும் தெய்வம் உறைந்த நகரம். அதன் பெயரும் ஒரோவழி அவ்வுலகிற்கு வழங்கிற்று.

இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குக. வெளி, பேரூர், மீளா நிலம், நிலம், ஒரு நகரம் என இடப்பொருளனவே அனைத்தும். குற்றம், ஒறுப்பு, வினைப்பயன் என்னும் பொருளுடையது இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அஞ்சத்தக்க இடத்தைப் பேரூர் என்றல், நம் இலக்கணநூலார் சுடுகாட்டை நன்காடு என்றலை மங்கலம் எனக் கொண்டதுபோல்வதொரு வழக்காகலாம் என்பது எம் கருத்து.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். அரலி என்றவுடன் நம் அரளிச் செடியையும், இர்கல்லா என்றவுடன் இருட்கல்லையும் நினைந்து, ஓசை ஒத்தலால் உறவுண்டென்று நாட்டப் புகுவார் நம்முள்ளும் உளர். இர்கல்லாவின்கண் உள்ள 'கல்' பெரிது என்னும் பொருட்டாயது. நம் 'கல்' பாறை. ஓசையொப்புமை ஒன்றே பற்றிச் சொல்லுறவு கூறுதல் ஆராய்ச்சியாகாது. தமிழுக்கு அதனால் வரும் பெருமையும் இல்லை.

பெயர்ப்பின் வரலாறு

நினிவே நகர இடிபாடுகளில் அசூர்பனிபால் என்னும் அசீரிய வேந்தன் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் தொகுத்துவைத்த ஏட்டுச்சாலையை லேயார்டும் ரஸ்ஸாமும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அகழ்ந்தெடுத்தனர். 1857-ஆம் ஆண்டில் இலண்டன் அரச ஆசியக் கழகத்தார் ஒரே கல்வெட்டினை ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பெர்ட், டால்பட் என்னும் நால்வர் பாலும் தனித்தனி வைத்து, அவர் பெயர்ப்புக்கள் பெரிதும் ஒத்திருத்தல் கண்டு, அம்மொழி படிக்கப்பட்டதெனத் தெளிந்தனர். 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் ஸ்மித் பெருவெள்ள வரலாற்று ஏட்டினை அவையிற் படித்து அறிவித்தபின், இவ்வேடுகள்பால் உலகோர் உள்ளம் சென்றது. அக்காலத்துப் பெயர்ப்பாளர், இறந்தாருலகின் பெயர் வருமிடத்துக் கிரேக்கரின் 'ஹேடீஸ்' என்பதனையோ, தம் மொழியின் 'ஹெல்' என்பதனையோ இடுவாராயினர். அவர்மேற் குற்றம் கூறற்க. ஒரு மொழியை முதன்முதற் படிப்பார் கைக்கு எட்டிய விளக்கையே ஏந்திச் செல்லுதல் இயல்பு. கில்கமேஷ் என்னும் பெயரையே அவர்கள் முதலில் 'இஸ்துபார்' எனப் படித்தனர். 1890-ஆம் ஆண்டிற்றான் பிஞ்சஸ் என்பார் அதன் உண்மை வடிவைக் காட்டினார். பிழை திருத்துதல் அவ்வறிஞர்க்கு இழுக்காயிற்றில்லை.

பெயர்ப்பு வளர வளர, ஹெல் என்னும் சொல் பொருந்தாமை புலனாயிற்று. மாரிஸ் ஜாஸ்ட்ரோ 1898-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாபிலோனிய அசீரிய சமய நூலில், இறந்தாருலகினை அரலு என அதன் பெயராலேயே வழங்கினார். இதற்கு ஒப்பாயதொரு வரலாறு ஆங்கில விவிலியத்திலும் உண்டு. எபிரேயர் இறந்தாருலகை 'சியோல்' என்பர். 1611-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு அவ்வொரு சொல்லையே ஓரிடத்து ஹெல் எனவும், ஓரிடத்துக் கல்லறை எனவும், ஓரிடத்துக் குழி எனவும் பெயர்த்தது. நல்லோர் செல்லுமிடத்துக் கல்லறை என்றும் தீயோர் செல்லுமிடத்து ஹெல் என்றும் பிரித்துக்கொள்ள அது வழியாயிற்று. மூலத்திலோ இருவர்க்கும் சொல் ஒன்றே. 1885-ஆம் ஆண்டுத் திருத்தப் பெயர்ப்பினர் பலவிடத்துச் சியோல் என மூலச் சொல்லையே நிறுத்தினர். 1901-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெயர்ப்பினர் அதனை எங்கணும் நிறுவினர். எனவே சொல்லைக் கடன் கொள்ளுதல் மொழிவறுமையன்று. இப்பொருட்கு எம்பாற் சொல் இல்லை என நேர்மையுடன் ஒப்புதலேயாம்.

அரலுவின் இயல்பு

இனி, நூல்கள் காட்டும் அவ்வுலகின் இயல்பு யாதெனின், ஒளி புகாத இல்லம், சென்றார் மீளார், புழுதி உணவு, களிமண் அப்பம், ஆங்குள்ளார் பறவைபோல் இறகுடை உடுப்பர், கதவிலும் தாழிலும் புழுதி படிந்திருக்கும். அரசி எரேஷ்கிகல், அவள் ஏவலாளன் நம்தார். இஷ்தார் புக்க வரலாறு அக்காதியத்தில் ஏறத்தாழ 140 வரியளவினது. அதற்கு முந்திய சுமேரியப் பாட்டு ஏறத்தாழ 400 வரி. இரண்டினும் வாயில் ஏழு. வாயில்தோறும் முடி, தோடு, மணிமாலை என ஒவ்வோர் அணியாகக் களையப்பட்டு, ஏழாம் வாயிலில் ஆடையும் இன்றி நிற்கின்றாள் தெய்வம். ஏன் களைகின்றாய் என வாயில்தோறும் அவள் வினவ, இவ்வுலகத்து அரசியின் முறைமை இது என்பதே வாயிலோன் தரும் விடை. நீ இன்ன பிழை செய்தனை என அவன் ஓரிடத்தும் கூறிற்றிலன். ஆண்டு நடப்பது ஒறுப்பன்று, அவ்விடத்து முறைமை என்பது இதனாற் போதரும்.

கில்கமேஷ் காப்பியத்தின் ஏழாம் ஏட்டில், நோயுற்றுக் கிடந்த என்கிடு கனவில் அவ்வுலகைக் காண்கின்றான். ஆண்டு அவன் கண்டவர் கொலைஞரும் கள்வரும் அல்லர். முன்பு நாடாண்ட வேந்தர்தம் முடிகள் குவிந்து கிடந்தன. கோயிற் பூசகரும் நோன்பியரும் இருந்தனர். கழுகின்மீது ஏறி வானம் சென்றதாகப் புகழ்பெற்ற எத்தானா என்னும் மன்னனும் ஆண்டிருந்தான். இவ்விடத்தை நரகமென்று பெயர்ப்பின், அம்மக்கள் தம் பூசகரையும் நல்வேந்தரையும் நரகத்தில் வைத்து எண்ணினர் என்றாகும். அங்ஙனம் எண்ணியவர் அவரல்லர், பெயர்ப்பாளரே.

மேலும், அவ்வுலகத்துள்ளார்க்கு உயர்வு தாழ்வு இல்லாமலில்லை. அதன் அளவுகோல்தான் வேறு. பன்னிரண்டாம் ஏட்டினும் அதன் சுமேரிய மூலத்தினும், ஒரு மகனையுடையான் அழுகின்றான். இரு மக்களையுடையான் செங்கல்மேல் அமர்ந்து அப்பம் உண்கின்றான். மக்கள் மிகுந்தோறும் நிலை உயர்ந்து, எழுவரையுடையான் சிறுதெய்வங்களின் நடுவே இருக்கை பெறுகின்றான். படைகொடுப்பார் ஒருவருமில்லாதான் கலத்தில் ஒட்டிய மிச்சிலையும் தெருவில் எறிந்த துணிக்கையையும் தின்கின்றான். போரில் வீழ்ந்தான் தலையைத் தாயும் தந்தையும் தாங்க, மனைவி அழுகின்றாள். வெளியில் எறியப்பட்ட உடலினன் ஆவி அமைதி பெறுவதில்லை. இவற்றால் பெறப்படுவது யாதெனின், இறந்தார் நிலை அவர் செய்த வினையினும் மிகுதியாக, இருப்பார் ஆற்றும் கடனைச் சார்ந்தது என்பதாம். அக்கடனைக் 'கிஸ்பு' என்பர். இறந்தார் பெயர்கூறி உணவிட்டு நீர்வார்த்தல் அது. அதனை ஆற்றுவார்க்குப் 'பாகிது', அஃதாவது பேணுவார், என்று பெயர். நம்மவர் நீர்க்கடனொடு இதனை ஒப்புநோக்க விழைவார் நோக்குக. ஒப்புமை வேறு, உறவு வேறு என்பதை மறவாதொழிக.

நரகம், நிரயம், அளறு என்னும் நம் சொற்களோ தீவினைப் பயன் நுகருமிடம் என்னும் பொருளிற் பிரியாது நிற்பன. அவற்றைக் கேட்ட அளவில், சென்றான் தீயன் என்பதும், அவன் நுகர்வது தன் வினையே என்பதும், நுகர்ச்சி முடிவின் நீங்குவன் என்பதும் உடன் தோன்றும். அரலுவிற்கு இம்மூன்றும் இல்லை. நல்லோரும் செல்வர்; நுகர்வது வினையன்று; நீங்குதலும் இல்லை. பொருள் மூன்றும் மாறுபட, இருளொன்றே ஒத்தலால் ஒருசொல்லாற் பெயர்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

தடையும் விடையும்

அற்றன்று, ஆண்டும் அனுன்னாக்கியர் எனத் தீர்ப்புக் கூறுவார் உளராகவும், கில்கமேஷும் இறந்தபின் ஆண்டு நடுவனாயினானாகவும் கூறப்படுதலின் தண்டம் உண்டெனக் கொள்ளற்பாலது எனின், தீர்ப்புக் கூறுவார் உளர் என்பது மெய்யே. ஆயினும் நல்லோரை ஓரிடத்தும் தீயோரைப் பிறிதோரிடத்தும் பகுத்து விடுத்தலை மேற்காட்டிய பாட்டுக்கள் கூறவில்லை. நடுவர் இருத்தலானே அவ்விடம் சிறையாகாது. ஊரிலும் நடுவர் உளரன்றோ? பேரூர் என்னும் பெயரும் இதற்கு இயைவதேயாம்.

சுமேரியப் பாட்டின் ஊர் நகரத்து ஏட்டில், தாய்தந்தையர் சொல்லை மதியாதவன் நிறுத்தளந்த நீரைப் பருகி என்றும் வேட்கை தணியாதிருக்கின்றான் என வருகின்றதே, இது வினைப்பயன் அன்றோ எனின், நன்று கடாயினாய். இஃது எம் கொள்கைக்கு மாறாய சான்றாதலின் இதனை ஒளித்தல் கூடாது. வினைக்குப் பயனுண்டென்னும் எண்ணத்தின் முளை ஆண்டும் இருந்ததென்று கொள்ளவேண்டும். ஆயினும் அவன் வேறோர் உலகிற்கு விடுக்கப்பட்டானல்லன். தேனுண்ணும் குழவிகள் இருக்கும் அவ்வுலகின்கண்ணேயே அவனும் இருக்கின்றான். ஆகலின் அப்பகுதி, அவ்வுலகத்து ஒருவன் நிலையைக் காட்டுமேயன்றி அவ்வுலகு முழுமைக்கும் பெயரை மாற்றுதற்குப் போதாது.

ஹெல் என்னும் சொல்லும் தோற்றத்தில் மறைவிடம் என்னும் பொருட்டாய், வடபுலத்துப் பழைய செருமானியக் குடியினர்பால் இறந்தாருலகைக் குறித்ததேயன்றி ஒறுப்பிடத்தைக் குறித்ததன்றே எனின், ஒக்கும். ஆனாற் சொல்லின் பிறப்பு வேறு, வழக்கு வேறு. படிப்பவன் உள்ளத்தில் எழுவது வழக்கின் பொருளேயாதலின், பிறப்பைக் காட்டி வழக்கை மறைத்தல் இயலாது.

அரலு என்றெழுதின் படிப்பார்க்கு விளங்காதே எனின், இதுவே வலிய தடை. விளக்கமின்றி அயற்சொல்லை நிறுத்துதல் வெறுங்கலத்தை வைத்தல் போலாம். படிப்பவன் அதில் தானறிந்த நரகத்தையே ஊற்றி நிரப்புவான். ஆங்கிலத்திலும் சிலர் அரலு என்றும் இர்கல்லா என்றும் வேறுபாடின்றி, புதுமைப் பொலிவு கருதியே ஆளுதல் காண்கின்றோம். அது சொல்லைக் கொண்டு பொருளைக் கைவிடுதலேயாம். ஆதலின் யாம் துணியும் முறை வருமாறு. பொருள் வெளிப்படையாய பெயரைப் பொருளாற் பெயர்க்க: குர்நுகி என்பதனை மீளா நிலம் என்க. எர்செத்து வருமிடத்துக் கீழ்நிலம் என்க. இடுகுறி போல் நிற்கும் அரலுவையும், தெய்வப் பெயராயும் ஒரோவழி வரும் இர்கல்லாவையும் அவ்வாறே நிறுத்தி, முதற்கண் வருமிடத்து ஒருமுறை விளக்குக. பொதுவகையாற் கூறுமிடத்து இறந்தாருலகு, கீழுலகு என்பன அமையும். நரகம் என்பதனை எவ்விடத்தும் இடற்க. தொல்காப்பியனார் செய்யுட் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தாராதலின், அயற்சொல் தமிழெழுத்தில் அமைந்து வருதல் நம் மரபிற்குப் புறம்பன்று. அரலு என்பது தமிழெழுத்திற்கும் ஓசைக்கும் முற்றும் இயைந்தே நிற்கின்றது.

முடிபு

சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1921-ஆம் ஆண்டு தொடங்கிய அக்காதியப் பேரகராதி 2011-ஆம் ஆண்டிற்றான் நிறைவெய்தியது. ஒரு மொழியின் சொற்பொருள் காண்டற்குத் தொண்ணூறு ஆண்டு உழைத்தார் உளராக, அச்சொல்லை அரைநொடியில் நரகமென்று எழுதிவிடுதலும், எழுதியதனை யாம் போலத் திருத்தாது விடுதலும் எத்துணைக் குற்றம்! தம் இறந்தார் பெயர்கூறி நீர்வார்த்து மாய்ந்த அம்மக்கட்கு இன்று வழித்தோன்றல்களாய் நின்று மறுப்பார் இல்லை. மறுப்பார் இல்லாதார் திறத்திற்றான் பெயர்ப்பாளன் மிக அஞ்சி எழுதுதல் வேண்டும். தம் தாயும் தந்தையும் இறந்தே பிறந்த மகவும் இருக்குமிடமென அவர் கருதியதனைத் தீயோர் சிறையென நாம் எழுதுவோமாயின், சொல்லிற் பிழைத்தேம் என்பதோடு அமையாது. இறந்தார்மேற் பொய்ப்பழி சுமத்தினேமுமாவேம்.

எம் மாணவர்க்கு இவற்றை எழுதி, முதற்கட்டினையும் திரும்ப வருவித்தேம். அதன்கண் நரகம் என்னும் சொல் 42 இடத்து இருந்தது. அவற்றுள் ஒன்றேனும் மூலத்திற்கு உரியதாகக் காணப்படவில்லை. இருவேமும் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேம். குழவிகள் வருமிடத்து எச்சொல்லை இடுவதென அவர் வினவினார். 'ஆண்டு' என்றெழுதினால் போதும் என்றேம். அவரும் அவ்வாறே எழுதினார். இதன்கண் குற்றங் காணும் அறிஞர் எடுத்துக்காட்டுவாராயின், அதனையும் நன்றியுடன் ஏற்றுத் திருத்திக்கொள்வேம்.